உம்மும்மாவுக்கு ஒரு தடுப்பூசி: தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு தேடல்

2022 ஆம் ஆண்டு ஜூலை மாதம். எரிபொருள் இல்லாமையால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த நாட்கள். மருதமுனையில் எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள் திண்ணையோரம் துணி போர்த்தி நின்றது. அந்த மாதத்து கிளினிக்கிற்கு உம்மும்மாவை வாப்பா சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் வந்தார். வந்ததும் கிளினிக் கொப்பியை என்னிடம் தந்து, "கடைசி வரியில என்ன எழுதியிருக்கு, பாருங்க மகள்" என்றார். வழமையான குளிசைகளுக்குக் கீழே வைத்தியர் ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார். இன்புளுவன்சா தடுப்பூசி, வெளியில் பெற்றுக்கொள்ளவும்.

உம்மும்மாவுக்கு 74 வயது. தொய்வும் சீனி வருத்தமும் நீண்ட காலமாக உண்டு. சிறு வயதிலிருந்து கைத்தறியில் இருந்தவர். "பஞ்சுத் தூசு நெஞ்சுக்குள்ள பாய் விரிச்சிட்டு" என்று சொல்லிச் சிரிப்பார். அதற்கு முந்திய வருடம் ஒரு காய்ச்சலோடு நெஞ்சில் சளி கட்டி, வைத்தியசாலையில் ஒன்பது நாட்கள் ஒட்சிசன் முகமூடியோடு படுத்திருந்தார். மறுபடி அப்படி ஒன்று வந்தால் தாங்கமாட்டார் என்று வைத்தியர் வாப்பாவிடம் தனியாகச் சொன்னாராம். வாப்பா அதை உம்மாவிடம் சொன்னபோது அடுப்படி வாசலில் நின்ற எனக்கும் கேட்டது.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவள், பாடசாலையும் இல்லை, கையில் தொலைபேசி இருக்கிறது என்று அந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. ஒரு மணித்தியால வேலை என்றுதான் நினைத்தேன். 19 நாட்கள் எடுத்தது. நிர்ப்பீடனம் பற்றிய அலகில் நான் மனனம் செய்து வைத்திருந்தவற்றில் பாதியை அந்த 19 நாட்களில்தான் விளங்கிக்கொண்டேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்க வேண்டும். நாம் தும்மினாலும் தடிமன், மூக்கு ஒழுகினாலும் தடிமன் என்கிறோம். ஆனால் சாதாரண தடிமனை உண்டாக்குபவை வேறு வைரசுகள். இன்புளுவன்சா வைரசினால் வரும் காய்ச்சல் வேறு. அது பெரும்பாலும் திடீரென்று அடிக்கும். கடுங்காய்ச்சல், உடம்பு உளைவு, எழும்ப முடியாத களைப்பு, வரட்டு இருமல் என்பன சேர்ந்து வரும். திடகாத்திரமானவர்கள் ஒரு வாரத்தில் எழும்பி விடுவார்கள். முதியவர், சிறு குழந்தை, கர்ப்பிணி, தொய்வு, இருதய நோய், நீரிழிவு உள்ளவர் ஆகியோருக்கு அது நியூமோனியா வரை போகலாம். எமது நாட்டில் இந்தக் காய்ச்சல் வருடம் முழுவதும் இருந்தாலும், வருட நடுப்பகுதியிலும் முடிவிலும் கூடுகிறது. ஆகவே ஜூலை மாதத்தில் தேடத் தொடங்கிய நாங்கள் ஏற்கெனவே பிந்தியவர்கள்தான்.

மறுநாள் காலை சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திற்குப் போனேன். தடுப்பூசி என்றால் அங்குதானே என்ற எண்ணம். அங்கிருந்த மிஸி என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார். ஆறாம் ஆண்டில் எங்களுக்கு எச்.பி.வி. ஊசி போட்டவர் அவர்தான். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான அந்த ஊசி 2017 இல் எமது நாட்டின் தேசிய நிர்ப்பீடனத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது என்பதும், ஆறாம் ஆண்டு மாணவிகளுக்கு இரண்டு முறை ஏற்றப்படுகிறது என்பதும் இதை வாசிக்கும் தோழிகளுக்குக் கை வலியோடு ஞாபகம் இருக்கும்.

மிஸி சொன்னது இதுதான். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. தொடக்கம் அரசாங்கம் இலவசமாகப் போடும் ஊசிகள் எல்லாம் ஒரு பட்டியலில் இருக்கின்றன. இன்புளுவன்சா ஊசி அந்த வழமையான பட்டியலில் இல்லை. ஆகவே அது அங்கே முடிந்துபோகவும் இல்லை, நாளைக்கு வரப்போவதும் இல்லை. தனியார் இறக்குமதியாளர்கள் கொண்டுவந்து, தனியார் வைத்தியசாலைகளுக்கும் சில மருந்தகங்களுக்கும் கொடுக்கிறார்கள். "இஞ்ச வந்து நிண்டு காலத்தப் போக்காதீங்க மகள், அந்தப் பக்கம் கேளுங்க" என்றார். இல்லை என்ற பதில்தான், ஆனால் எங்கே தேடக்கூடாது என்பதை அது காட்டியது. பிறகு வந்த நாட்களில் எத்தனையோ பேர் "எம்.ஓ.எச். ஒபிசில கேட்டுப் பாருங்களேன்" என்றார்கள். எனக்கு மறுபடி அங்கே போகத் தேவை இருக்கவில்லை.

அன்று பின்னேரமே ஒரு நல்ல செய்தி வந்தது. சாச்சி தொலைபேசியில், "கிடைச்சிட்டு! சின்னவனுக்கு இன்புளுவன்சா ஊசி போட்டிருக்கு, எங்கட கிளினிக்கில இருக்கு" என்றார். சாச்சியின் மகனுக்கு நான்கு மாதம். அவனுக்கு இருக்கிற ஊசி உம்மும்மாவுக்கு ஏன் இல்லை என்று உம்மா கொதித்தார். சாச்சி எங்கேயோ வாசித்த பெயர் "ஹீமோபிலசு இன்புளுவன்சே பி". இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் குழந்தைகளுக்கு ஏற்றும் ஐங்கூட்டுத் தடுப்பூசியில் அதற்கெதிரான மருந்தும் சேர்ந்திருக்கிறது. ஆனால் அது வைரசு அல்ல, ஒரு பற்றீரியா. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலையும் நியூமோனியாவையும் உண்டாக்குவது.

அப்படியானால் பெயரில் ஏன் இன்புளுவன்சா? 1892 இல் பைஃபர் என்ற ஜேர்மனிய அறிஞர், இன்புளுவன்சா நோயாளிகளின் சளியில் இந்தப் பற்றீரியாவைக் கண்டு, நோய்க்குக் காரணம் இதுதான் என்று அறிவித்தார். அப்போது வைரசைக் காண வழியிருக்கவில்லை. 1918 ஆம் ஆண்டின் பெருங்கொள்ளைநோயின்போதும் பல வைத்தியர்கள் அந்தப் பற்றீரியாவையே குற்றஞ்சாட்டினார்கள். 1933 இல்தான் இலண்டனில் மூன்று அறிஞர்கள் மனிதரிலிருந்து இன்புளுவன்சா வைரசைப் பிரித்தெடுத்தார்கள். உண்மைக் குற்றவாளி பிடிபட்ட பின்னும் பழைய பெயர் மட்டும் அப்பாவியின் கழுத்தில் தொங்கிக்கொண்டு நிற்கிறது. சாச்சியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஊசி தேடினால் இப்படியும் நடக்கும்.

பிறகு மருந்தகங்கள். சைக்கிளில் மருதமுனையிலும் கல்முனையிலும் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் கேள்வியை முடிக்க முன்னரே தலையை ஆட்டினார்கள். இன்னொன்றில், "பரசிட்டமோலே எண்ணி எண்ணிக் குடுக்கிறம், நீங்க ஃப்ளூ ஊசி கேக்கிறீங்க" என்றார்கள். அதுவும் நியாயந்தான். டொலர் இல்லாமையால் அத்தியாவசிய மருந்துகளுக்கே நாடு அலைந்த நேரம் அது.

எங்கள் வீட்டுக்கு வழமையாக மருந்து தரும் நானாவின் கடையில்தான் சரியான காரணம் தெரிந்தது. முன்னர் அவர் தடுப்பூசிகள் வைத்திருந்தவர். மார்ச் மாத முடிவில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்ததே, அதோடு நிறுத்திவிட்டார். மின்பிறப்பாக்கி இருக்கிறது, ஊற்ற டீசல் இல்லை. தடுப்பூசி இருக்க வேண்டியது 2 பாகை செல்சியசுக்கும் 8 பாகை செல்சியசுக்கும் இடையில். அதைக் காப்பாற்ற முடியாத கடைக்கு ஊசியை எடுத்து வைக்க உரிமை இல்லை என்பது அவருடைய கொள்கை. "வித்தா எனக்குக் காசு வரும் மகள். ஆனா நான் வித்தது தண்ணியா மருந்தா எண்டு எனக்கே தெரியாது" என்றார். ஊசி நாட்டுக்குள் வந்தாலும் எங்கள் ஊருக்கு வராமற் போனதற்கு ஒரு காரணம் அவருடைய அந்த வெறும் குளிரூட்டியில் தெரிந்தது. கதவைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு தண்ணீர்ப் போத்தல்கள் மட்டும் இருந்தன.

தட்டுப்பாடு என்றால் ஏன் உடனே கூடுதலாகச் செய்து அனுப்பக்கூடாது என்று உம்மா கேட்டார். அதற்குப் பதில் தேடிப் படித்தபோதுதான் இந்த ஊசி மற்றைய ஊசிகளைப் போன்றதல்ல என்று அறிந்தேன். இன்புளுவன்சா வைரசின் மேற்பரப்பில் முள் போல நிற்கும் புரதங்கள் அடிக்கடி விகாரமடைகின்றன. போன வருடத்து வைரசுக்கு எமது உடல் செய்து வைத்த பிறபொருளெதிரி இந்த வருடத்து வைரசைச் சரியாக அடையாளம் காணாது. அதனால் உலக சுகாதார நிறுவனம் வருடத்தில் இரண்டு முறை அறிஞர்களைக் கூட்டுகிறது. பெப்ரவரியில் கூடி வட அரைக்கோளத்துக்கும், செப்ரெம்பரில் கூடி தென் அரைக்கோளத்துக்கும் எந்தெந்த வைரசு வகைகளைச் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. இதற்கான தகவல் 1952 இல் தொடங்கிய ஒரு உலகளாவிய கண்காணிப்பு வலையமைப்பிலிருந்து வருகிறது. கொழும்பு பொரளையிலுள்ள எமது மருத்துவ ஆராய்ச்சி நிலையமும் அதில் ஒரு கண்ணி. இலங்கையில் யாரோ ஒருவரின் தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியும் அந்தத் தீர்மானத்திற்கு ஒரு சிறு பங்கு கொடுத்திருக்கலாம்.

பிறகு முட்டை. ஆம், கோழி முட்டைதான். பெரும்பாலான இன்புளுவன்சா ஊசிகள் கருக்கட்டிய கோழி முட்டைகளுக்குள் வைரசை வளர்த்து, அந்தத் திரவத்தை எடுத்து, வைரசைச் செயலிழக்கச் செய்து, சுத்திகரித்துத் தயாரிக்கப்படுகின்றன. தொழிற்சாலைகள் கோடிக்கணக்கான முட்டைகளை முன்கூட்டியே ஒழுங்கு செய்ய வேண்டும். தீர்மானம் எடுத்த நாளிலிருந்து ஊசி வெளிவர ஆறு மாதம் அளவில் செல்கிறது. நடுவில் முடிந்துவிட்டது என்றால் மறுபடி அடுப்பில் ஏற்றி இறக்க முடியாது. மிஞ்சியதை அடுத்த வருடத்திற்கு வைக்கவும் முடியாது. எவ்வளவு தேவைப்படும் என்று பல மாதங்களுக்கு முன்னரே கணக்குப் பார்த்துச் சொன்னவர்களுக்கே கிடைக்கும். கையில் டொலர் இல்லாத நாட்டின் சிறிய இறக்குமதியாளர் எவ்வளவு துணிந்து சொல்வார்?

இது ஏழை நாடுகளின் பிரச்சினை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். 2004 ஒக்ரோபர் 5 ஆம் திகதி, அமெரிக்காவுக்குப் போக வேண்டிய இன்புளுவன்சா ஊசியில் ஏறத்தாழப் பாதி ஒரே நாளில் இல்லாமற் போனது. கைரோன் என்ற நிறுவனம் இங்கிலாந்தின் லிவர்பூலில் வைத்திருந்த தொழிற்சாலையில் பற்றீரியாத் தொற்று கண்டுபிடிக்கப்பட்டதால், பிரித்தானிய அதிகாரிகள் அதன் அனுமதியை இடைநிறுத்தினார்கள். அந்த நாட்டுக்கு ஊசி கொடுத்தவை பிரதானமாக இரண்டு நிறுவனங்கள். ஒன்று விழுந்ததும் மற்றதால் தாங்க முடியவில்லை. முதியவர்கள் அங்காடி வாசல்களில் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். வசதி உள்ளவர்கள் எல்லை கடந்து கனடாவுக்குப் போய்ப் போட்டுக்கொண்டார்கள். நியூஜேர்சி மாநிலத்தில் ஒரு ஊரில், இருந்த ஊசிகளை யாருக்குக் கொடுப்பது என்று சீட்டுக் குலுக்கினார்கள். பெற்றோல் வரிசையில் இரவு முழுவதும் நின்று வந்த வாப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டியபோது, "அங்கேயுமா?" என்று கேட்டார். அவர் குரலில் கொஞ்சம் ஆறுதல் இருந்ததை மறைக்க மாட்டேன்.

அந்தச் சம்பவத்தில் இரண்டு விடயங்கள் எனக்கு நேரடியாக உதவின. செய்தி வந்த அன்றைக்கே அமெரிக்கச் சுகாதாரத் துறை ஒரு முன்னுரிமைப் பட்டியலை வெளியிட்டது. 65 வயதைக் கடந்தவர்கள், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகள், கர்ப்பிணிகள், நாட்பட்ட நோயாளர், அவர்களைப் பராமரிக்கும் சுகாதார ஊழியர் போன்றோர் முதலில், திடகாத்திரமானவர்கள் விலகி நிற்கவும் என்று கேட்டது. மற்றது இன்னும் விசித்திரமானது. அடுத்த ஜனவரியில் பார்த்தால் சில இடங்களில் ஊசி மிஞ்சிக் கிடந்தது. கட்டுப்பாடுகளைத் தளர்த்த வேண்டியதாயிற்று. ஒரு ஊரில் வரிசை, இன்னொரு ஊரில் மிச்சம். தட்டுப்பாடு என்பது எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் வற்றிய குளம் அல்ல, அங்கங்கே மேடும் பள்ளமுமாய்த் தண்ணீர் தங்கிய வயல் என்று எனக்குப் பட்டது. பள்ளம் எங்கே என்று கண்டுபிடித்தால் போதும்.

ஆகவே சைக்கிளை விட்டுவிட்டுத் தொலைபேசிக்கு மாறினேன். ஒற்றை றூள் கொப்பியில் ஒரு பக்கத்தில் கோடு போட்டு 14 இலக்கங்களை எழுதினேன். கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை, மட்டக்களப்பு என்று தனியார் வைத்தியசாலைகளும் பெரிய மருந்தகங்களும். முதல் நாள் நான் கேட்ட கேள்வி, "ஃப்ளூ ஊசி இருக்கா?" எல்லோரும் "இல்லை" என்று வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள்தான் கேள்வி பிழை என்று விளங்கியது. "இருக்கா" என்று கேட்டால் "இல்லை" என்பதோடு பேச்சு முடியும். "கடைசியா எப்ப வந்தது, அடுத்தது எப்ப வரும், பெயர் பதியலாமா, வந்தால் யார் போட்டு விடுவார்கள்" என்று கேட்டால் மறுமுனையில் இருப்பவர் கொஞ்சம் யோசிப்பார். 74 வயது, தொய்வு, வைத்தியரின் கடிதம் இருக்கிறது என்று முதலிலேயே சொன்னால் இன்னும் யோசிப்பார். சிங்களத்தில் பேச வேண்டிய இடங்களில் நான் தடுமாறினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். இரண்டாம் மொழிப் பாடத்தை இனிமேல் இலேசாக எண்ணமாட்டேன்.

இப்படி மூன்று இடங்களில் பெயர் பதிந்தாயிற்று. மட்டக்களப்பில் ஒரு இடத்தில் உம்மும்மாவின் பெயரோடு என் பெயரையும் உம்மா பதியச் சொன்னார். "பரீட்சை எழுதப்போற புள்ள, காய்ச்சல் வந்தா என்ன செய்யிற" என்பது அவருடைய நியாயம். உம்மும்மாவின் அறையில் படுப்பவளும் நான்தான் என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம்.

பத்தாம் நாள் கொழும்பில் வேலை செய்யும் காக்காவிடமிருந்து அழைப்பு. ஒரு இடத்தில் இரண்டு ஊசி இருக்கிறது, வாங்கி இரவு பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்து அனுப்பவா என்று கேட்டான். ஐஸ் போட்டுப் பொதி செய்து தருவானாம். வீடே மகிழ்ந்தது. எனக்கு மட்டும் அந்த வெறும் குளிரூட்டி கண்ணுக்குள் நின்றது. மருந்தக நானாவிடம் ஓடினேன்.

அவர் கேட்ட கேள்விகள் இவை. பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிடும், வழியில் எங்கே எவ்வளவு நேரம் நிற்கும், டீசல் கிடைக்காமல் நின்றுவிட்டால்? ஐஸுக்கும் ஊசிக்கும் நடுவில் என்ன வைப்பான்? ஐஸ்கட்டியோடு நேரே ஒட்டினால் ஊசி உறைந்து போகலாம். உறைந்த ஊசியைப் பாவிக்கக்கூடாது, எறியத்தான் வேண்டும். ஐஸ் உருகினால் சூடு ஏறும். இரண்டும் நடந்ததா இல்லையா என்று காலையில் ஊசியைப் பார்த்தால் தெரியுமா? தெரியாது. கெட்டுப்போன பால் திரையும், கெட்டுப்போன சோறு மணக்கும். கெட்டுப்போன தடுப்பூசி பார்வைக்கு நல்லதைப் போலவே இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு உம்மும்மா தனக்குக் காப்பு இருக்கிறது என்று கலியாண வீட்டுக்கும் மையித்து வீட்டுக்கும் போய் வருவார். "ஊசி இல்லாதத விட அது மோசம்" என்றார் நானா. பெட்டியில் காலாவதித் திகதியையும், எந்தப் பருவத்துக்குரிய தயாரிப்பு என்று எழுதியிருப்பதையும் வாசிக்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

காக்கா பெட்டியை வாங்கிப் பார்த்து வாசித்தான். அது 2021/2022 வட அரைக்கோளத் தயாரிப்பு. காலாவதி ஜூன் மாதத்தோடு முடிந்திருந்தது. கடைக்காரர் ஒரு மாதந்தானே என்றாராம். காக்கா திருப்பிக் கொடுத்துவிட்டான். அன்றிரவு வீட்டில் ஒருவரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. கைக்கு வந்ததைத் தட்டிவிட்டேன் என்ற கோபம். உம்மும்மா மட்டும், "றிஸ்க் இல்லாதது எங்கயும் போகாது மகள், அவன் எழுதினது வரும்" என்றார். அவர் சொன்னது றிஸ்க் அல்ல, றிஸ்க்கு. அல்லாஹ் அளந்து வைத்த உணவையும் பேறையும் சொல்லும் சொல். ஆங்கிலத்தில் அதே ஓசைக்கு ஆபத்து என்று பொருள் வருவதை நினைத்து எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

ஊசி வரும்வரை சும்மா இருக்கவில்லை. கொரோனாக் காலத்து முகமூடிகளை மறுபடி எடுத்தோம். இருமுகிற பேரப்பிள்ளைகளுக்கு உம்மும்மாவின் மடி தடை செய்யப்பட்டது. இது இலேசான காரியமல்ல. அறை யன்னலைத் திறந்து வைத்தோம். நான் பாயைக் கூடத்திற்கு மாற்றினேன். தொய்வுக்கு இழுக்கும் மருந்து முடிவதற்கு ஒரு வாரம் முன்னரே அடுத்ததைத் தேடி வைத்தோம். கடுங்காய்ச்சல் வந்தால் வீட்டில் இருந்து பார்க்காமல் முதல் இரண்டு நாளுக்குள் வைத்தியரிடம் வர வேண்டும், வைரசுக்கெதிரான மருந்து இருந்தால் அது ஆரம்பத்தில் கொடுத்தால்தான் பலன் கூட என்று கிளினிக் வைத்தியர் சொல்லியிருந்தார். நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசைகளை நாமாக வாங்கிப் போடுவதில் பயன் இல்லை. அவை பற்றீரியாவுக்கு உரியவை.

பதினெட்டாம் நாள் மாலை மட்டக்களப்பிலிருந்து அழைத்தார்கள். புதிய தயாரிப்பு கொஞ்சம் வந்திருக்கிறது, உங்கள் பெயருக்கு இரண்டு, நாளை பகல் வரை வைத்திருப்போம் என்றார்கள். ஊசியை உம்மும்மாவிடம் கொண்டுவர முடியாது, உம்மும்மாவை ஊசியிடம் கொண்டுபோக வேண்டும். ஸுபஹு தொழுதுவிட்டு உம்மாவும் நானும் அவரை நடுவில் வைத்து வீதிக்கு வந்தோம். முதல் இரண்டு பஸ்களிலும் மிதிபலகையில் ஆட்கள் தொங்கினார்கள். மூன்றாவதில் ஒரு தம்பி எழுந்து இடம் கொடுத்தார். களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி கடந்து கல்லடிப் பாலத்தில் ஏறும்போது உம்மும்மா முகமூடியை இறக்கி வாவிக் காற்றை ஒரு தரம் இழுத்துக்கொண்டார். நான் பேசாமல் இருந்தேன்.

வைத்தியர் உம்மும்மாவைப் பரிசோதித்தார். காய்ச்சல் இருக்கிறதா, முன்னர் ஏதாவது ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்ததா என்று கேட்டார். உம்மும்மா தன் கேள்வியைக் கேட்டார். "இதில ஹராமான சாமான் ஒண்டும் இல்லையே டொக்டர்?" வைத்தியர் முகம் சுளிக்காமல் பெட்டிக்குள் இருந்த தாளை விரித்து உள்ளடக்கத்தை வாசித்தார். பன்றியிலிருந்து எடுக்கும் ஜெலற்றின் சேர்வது மூக்கினுள் விசிறும் வகையில், இது ஊசி, இதில் அது இல்லை என்றார். முட்டையில் வளர்த்தது என்றதும் உம்மும்மா என்னைப் பார்த்து, "நாட்டுக் கோழியா, பண்ணைக் கோழியா?" என்றார்.

அவருக்குப் போட்டாயிற்று. என்னை அழைத்தார்கள். அப்போது பதிவு மேசையில் ஒரு இளம்பெண் நின்றார். ஏழு மாதமாவது இருக்கும். வாழைச்சேனைப் பக்கத்திலிருந்து வந்தவராம். பெயர் பதியாமல் வந்திருந்தார். முடிந்துவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்று மேசையில் இருந்தவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

தோழிகளே, அந்த முன்னுரிமைப் பட்டியலை நான் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். கர்ப்பிணிகள் அதில் இருக்கிறார்கள். 2012 இல் உலக சுகாதார நிறுவனம், இன்புளுவன்சா ஊசியில் கர்ப்பிணிகளுக்கே முதலிடம் என்று சொன்னதும் தெரியும். தாய்க்குப் போடும் ஊசியின் பிறபொருளெதிரி சூல்வித்தகம் கடந்து குழந்தைக்கும் போகிறது. ஆறு மாதம் வரை குழந்தைக்கு இந்த ஊசியைப் போட முடியாது. ஆகவே அதற்கு வேறு காப்பு இல்லை. திடகாத்திரமான பதினேழு வயதுப் பிள்ளை பட்டியலின் எந்த மூலையிலும் இல்லை. இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் கையை மடித்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். 19 நாள் அலைந்தது நான்தானே என்று மனம் சொன்னது. உம்மாவைப் பார்த்தேன். உம்மா சுவரைப் பார்த்தார்.

"அந்தப் புள்ளத்தாச்சிக்குக் குடுங்க" என்று பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டு உம்மும்மா சொன்னார். வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். விரும்பி எழுந்தேன் என்று எழுத ஆசைதான். எழுந்தேன் என்பது மட்டும் உண்மை.

ஊசி போட்டவுடன் காப்பு வந்துவிடுவதில்லை. உடல் பிறபொருளெதிரிகளைப் போதுமான அளவு உண்டாக்க இரண்டு வாரம் அளவில் எடுக்கும். உம்மும்மாவுக்கு அன்றிரவு கை உளைந்தது, வேறொன்றும் இல்லை. எட்டாம் நாள் தும்மத் தொடங்கினார். "இவ்வளவு தூரம் கொண்டுபோய்ப் போட்ட ஊசி!" என்று உம்மா தலையில் கை வைத்தார். மூக்கு ஒழுகியதே தவிரக் காய்ச்சல் இல்லை. அது சாதாரண தடிமன். இந்த ஊசி தடிமனைத் தடுக்காது. இன்புளுவன்சாவையும் முற்றாகத் தடுப்பதாகச் சொல்ல முடியாது. ஊசியும் ஊரில் பரவும் வைரசும் நன்றாகப் பொருந்தும் வருடங்களில் நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 40 முதல் 60 வரை குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. வந்தாலும் வைத்தியசாலை வரை போகும் வாய்ப்பு குறையும். முதியவர்களில் பலன் இன்னும் குறைவாக இருக்கலாம். அதற்காகவா இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு, ஒட்சிசன் முகமூடியோடு ஒன்பது நாள் பக்கத்தில் இருந்து பார்க்கச் சொல்வேன்.

அந்த வருட முடிவில் ஊரில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். எனக்கும் வந்தது. ஐந்து நாள் கூடத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். உம்மும்மாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அவர் உள்ளேயிருந்து, "கஞ்சி குடிச்சயா மகள்?" என்று நாளுக்குப் பத்துத் தரம் கேட்டார். அவருக்கு வரவில்லை.

கோடு போட்ட அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்த வருடம் ஏப்ரலிலேயே அழைத்துப் பெயர் பதிந்துவிட்டேன். பக்கத்து வீட்டு மாமி அதைப் பிரதி எடுத்துப் போனார். அவருக்குத் தொடர்பு கிடைக்காத இரண்டு இலக்கங்களை வெட்டிவிட்டு, தனக்குத் தெரிந்த ஒன்றைச் சேர்த்துத் திருப்பித் தந்தார். மருந்தக நானாவின் குளிரூட்டியில் தண்ணீர்ப் போத்தல்கள் இப்போது இல்லை. உள்ளே ஒரு வெப்பமானி தொங்குகிறது. போன வாரம் பார்த்தபோது 5 பாகை காட்டியது.